நுழைவுத் தேர்வு முடிந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தேர்வறையை விட்டு வெளியே வந்து பையை எடுப்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்தக் கப்பிக் கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" அவ்வளவுதான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள், நாலு விதமான விடை வரும், இரண்டு பேர் முகம் வாடிப்போகும். அதில் ஒருவர் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு வருட உழைப்பே வீண் என்கிற முடிவுக்கு வந்திருப்பார். இத்தனைக்கும் அந்த நாலு விடையில் எது சரி என்று அங்கே நின்ற யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ரிசல்ட் வரும்வரை யாரோடும் பேசாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடக்காத காரியம், அதற்கு அவசியமும் இல்லை. ஒழுங்காக ஒப்பிட்டால் கிடைக்கிற பலன் நிஜமானது. உத்தேச மதிப்பெண் தெரிந்தால் அடுத்து எந்தத் தேர்வுக்குப் படிப்பது, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்குவது என்று யோசிக்கலாம். அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பில் தப்பு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள், முன்கூட்டியே தயாராக இருப்பவர்களால்தான் அதற்குள் அனுப்ப முடியும்.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. அடுத்தவர் விடை உங்கள் காதில் விழுவதற்கு முன்பே உங்கள் விடை காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றை நம்பித்தான் இருக்கிறது.

படி 1: உங்கள் தேர்வு எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லாத் தேர்வையும் ஒரே மாதிரி ஒப்பிட முடியாது. மூன்று ரகம் இருக்கிறது.

முதல் ரகம், எல்லாருக்கும் ஒரே கேள்விகள். மருத்துவப் படிப்புக்கான நீட் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது: ஒரே நாள், ஒரே நேரம், வட்டத்தை நிரப்பி, அதாவது ஷேட் செய்து, விடை குறிக்கிற ஓஎம்ஆர் தாள். வினாத்தாளுக்குக் குறியீடு மாறும், கேள்விகளின் வரிசை மாறும், ஆனால் கேள்விகள் அதேதான். தேர்வு முடிந்ததும் ஓஎம்ஆர் தாளை வாங்கிக்கொண்டு வினாத்தாளை உங்களிடமே விட்டுவிடுவார்கள் என்பதால் ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான தேர்வு இல்லை.

இரண்டாவது, பல நாள், பல ஷிப்ட் என்று கணினியில் நடப்பது. பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ மெயின் இந்த ரகம். காலை ஷிப்டில் எழுதியவருக்கும் மாலை ஷிப்டில் எழுதியவருக்கும் கேள்விகளே வேறு. கையில் வினாத்தாளும் கிடையாது. ஆகவே உங்கள் ஷிப்டில் எழுதியவரோடு மட்டும்தான் விடையை ஒப்பிடலாம். மற்ற ஷிப்ட் நண்பர் "பிசிக்ஸ் ரொம்ப ஈசி" என்றால் அதைக் கேட்டு நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு தாள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் தேர்வு 2023இல் மற்ற நாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறிய பிறகு இப்படி ஆகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிற கேள்விகளும் உங்கள் கேள்விகளும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மாட்யூல். முதல் மாட்யூலில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ சுலபமாகவோ வரும். மொத்தம் 98 கேள்விகளில் 8 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, எதிர்காலத் தேர்வுகளுக்காகப் பரீட்சித்துப் பார்க்கிறவை அவை, எது எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. நீங்கள் இரவெல்லாம் புலம்புகிற கேள்வி அந்த எட்டில் ஒன்றாகக்கூட இருக்கலாம். அதற்கும் மேலே, சாட் கேள்விகளை வெளியே பகிர்வதை அதன் விதிகள் தடை செய்கின்றன, மதிப்பெண்ணையே ரத்து செய்யும் அளவுக்கு. ஆகவே சாட் எழுதியவர்களுக்கு என் யோசனை: நேரம் போதுமானதாக இருந்ததா, எந்தப் பாடப் பகுதியில் திணறினீர்கள் என்பதை உங்களுக்காக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை எழுத அது போதும். இனி வருகிற படிகள் பெரும்பாலும் முதல் இரண்டு ரகத்துக்கு.

படி 2: பேசுவதற்கு முன்பு எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

மனித நினைவு ரொம்பச் சுலபமாக வளைந்துகொடுக்கும். ஒரு கேள்விக்கு இரண்டாவது ஆப்ஷனா மூன்றாவதா என்று கடைசி வரை ஊசலாடி ஏதோ ஒன்றை ஷேட் செய்துவிட்டு வருகிறீர்கள். வெளியே நண்பர் "மூணுதானே" என்கிறார். அடுத்த நொடி, நீங்களும் மூன்றைத்தான் போட்டதாக உங்கள் நினைவே சொல்லும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும்: சரியாகத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் "நான்தான் கடைசி நிமிஷத்துல மாத்தித் தொலைச்சேனே" என்று தோன்ற ஆரம்பித்துவிடும். இரண்டுமே நடந்த பிறகு திருத்த முடியாது. ஒருமுறை கலந்துவிட்ட நினைவை மறுபடி பிரித்தெடுக்க வழி இல்லை.

ஆகவே மையத்திலிருந்து வந்தவுடன், முடிந்தால் வண்டியில் உட்கார்ந்தே, தனியாக எழுதுங்கள். வினாத்தாள் கையில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் நீங்கள் ஷேட் செய்த ஆப்ஷனைக் குறித்து, அதோடு ஓர் எழுத்தையும் சேருங்கள்:

உ: இதைத்தான் போட்டேன், உறுதி.
ஐ: இரண்டில் ஒன்று, எது என்று ஐயமாக இருக்கிறது.
ம: என்ன போட்டேன் என்றே மறந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எழுத்து நீங்கள் *போட்டது எது* என்பதைப் பற்றியது மட்டும். அந்த விடை சரியா தப்பா என்பதைப் பற்றியது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உத்தேச மதிப்பெண் பலருக்கு எகிறிப்போகிறது. முழுக்க முழுக்கக் குத்துமதிப்பாக ஷேட் செய்த கேள்விக்கும் "உ" போடலாம், போட்டது எது என்று நன்றாக நினைவிருந்தால். எதைப் போட்டோம் என்று நினைவில்லாத சுலபமான கேள்விக்கு "ம"தான், "இவ்வளவு சுலபமானதை நான் தப்பாவா போட்டிருப்பேன்" என்கிற நியாயம் இங்கே செல்லாது.

வினாத்தாள் தராத தேர்வு என்றால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கேள்வி எண்ணை நினைவுபடுத்த முயலாமல், பாடவாரியாகப் போங்கள். இயற்பியலில் மின்னோட்டவியலில் என்ன வந்தது, ஒளியியலில் என்ன வந்தது என்று தலைப்பைப் பிடித்தால் கேள்வி தானாக வரும். கேள்வியை முழுசாக எழுத வேண்டாம், "இரண்டு மின்தடை, பக்க இணைப்பு, விடை 4 ஓம் வந்தது" என்ற அளவுக்கு ஒரு வரி போதும். எண்ணால் விடை எழுதுகிற கேள்விகளை முதலில் எழுதிவிடுங்கள், அவைதான் சீக்கிரம் மறக்கும்.

மாற்றிய விடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "முதல்ல தோணினதை விட்டுட்டு மாத்தினேன், அதான் போச்சு" என்பது எல்லாத் தேர்வுக்குப் பிறகும் கேட்கிற புலம்பல். ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் விடைத்தாளில் அழித்துவிட்டு மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட மாற்றங்களில் பாதி, தவறிலிருந்து சரியான விடைக்கு மாறியவை. சரியானதை விட்டுத் தவறுக்குப் போனவை கால்வாசிதான். மாற்றிக் கெடுத்துக்கொண்டது உறுத்திக்கொண்டே இருப்பதால் அது மட்டும் நினைவில் நிற்கிறது, மாற்றிப் பிழைத்தது மறந்துபோகிறது. ஆகவே மாற்றிய கேள்விகளை நினைத்து அன்றைக்கே மனசை ஒடித்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: யாரோடு, எப்போது

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த தாளோ அடுத்த தேர்வோ நாளைக்கோ நாளன்றைக்கோ இருந்தால் இப்போது ஒப்பிடாதீர்கள், எழுதிய தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் படிக்கப் போங்கள். ஷிப்ட் ஷிப்டாக நடக்கிற தேர்வு இன்னும் முடியவில்லை என்றால் கேள்விகளைக் குரூப்பில் போடவும் வேண்டாம்.

ஆள் எண்ணிக்கை இரண்டு, மிஞ்சினால் மூன்று. உங்களைப் போலவே தனியாக எழுதிக்கொண்டு வந்தவர்களாக இருக்க வேண்டும். நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒப்பிடுவது ஒப்பிடுவதே இல்லை. அங்கே நன்றாக எழுதியவர்கள்தான் உடனே மார்க்கைப் போடுவார்கள், சுமாராக எழுதியவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அதைப் படிக்கிறவருக்கு ஊரே நீட்டில் 720க்கு 650 வாங்கியது போலத் தோன்றும்.

படி 4: உட்கார்ந்து ஒப்பிடுகிற முறை

ஒருவர் விடையைச் சொல்ல மற்றவர் "ஆமா ஆமா" என்பது ஒப்பிடுவது ஆகாது. எழுதிய தாள்களை நடுவில் வைத்து, கேள்வி கேள்வியாக, எல்லாரும் எழுதியிருப்பதை அப்படியே படியுங்கள். "ஐ" போட்டிருந்தால் ஐயம் என்றே சொல்ல வேண்டும், மற்றவர் விடையைக் கேட்டுவிட்டு அதை "உ" ஆக்கக் கூடாது.

ஆப்ஷன் எண்ணைச் சொல்லாதீர்கள், விடையைச் சொல்லுங்கள். "87க்கு மூணு" என்றால் வேறு குறியீட்டுத் தாள் வைத்திருப்பவருக்கு அது வேறு கேள்வி. கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, இருவரும் பேசியது வெவ்வேறு கேள்வி என்று கடைசியில் தெரியவரும். "அந்த ரைபோசோம் கேள்விக்கு 70எஸ்" என்று சொன்னால் குழப்பமே இல்லை.

விடை வேறு மாதிரி இருந்தால் உடனே ஒருவர் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கேள்வியை மறுபடி வாசியுங்கள். "தவறான கூற்று எது", "பொருந்தாத இணை எது" என்று கேட்டிருப்பதைச் சரியான கூற்று என்று வாசித்துவிடுவது சகஜம், பாதி தகராறு இங்கேயே தீரும். அடுத்து, இரண்டு விடையும் ஒன்றேதானா என்று பாருங்கள். சைன் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸைத் தொகையீடு செய்தால் ஒருவருக்கு சைன் வர்க்கத்தில் பாதி வரும், இன்னொருவருக்குக் காஸ் வர்க்கத்தில் பாதி, கழித்தல் குறியோடு வரும். பார்க்க இரண்டும் வேறு. உண்மையில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் அரை, அதாவது ஒரு மாறிலி, அது தொகையீட்டு மாறிலிக்குள் போய்விடும். இரண்டு பேருமே சரி. அலகு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், சென்டிமீட்டரில் ஒருவரும் மீட்டரில் ஒருவரும் சொல்லிக்கொண்டு இருக்கலாம்.

அதற்குப் பிறகும் விடைகள் வேறாக இருந்தால், காரணத்தைக் கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே விடை என்பது காரணம் ஆகாது. வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர் சொன்னார் என்பதும் காரணம் ஆகாது. இதற்கு 1982 மே மாத சாட் தேர்வு நல்ல உதாரணம். ஒரு சிறிய வட்டம், அதைப்போல மூன்று மடங்கு ஆரம் உள்ள ஒரு பெரிய வட்டம். சிறியது பெரியதன் விளிம்பிலேயே உருண்டு ஒரு சுற்றுப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், சிறியது மொத்தம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? சுற்றளவு மூன்று மடங்கு, எனவே 3 என்றுதான் யாருக்கும் தோன்றும், தேர்வு நடத்தியவர்களும் அதையே விடையாக வைத்திருந்தார்கள். சரியான விடை 4. சிறிய வட்டத்தின் மையம் போகிற பாதையைப் பாருங்கள்: அது பெரிய வட்டத்தின் ஆரத்தோடு சிறியதன் ஆரமும் சேர்ந்த வட்டம், அதாவது சிறியதைப்போல நான்கு மடங்கு ஆரம். அந்தத் தூரத்தை உருண்டு கடக்க நான்கு சுழற்சி வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை எடுத்து, ஒன்றை அசையாமல் பிடித்து, இன்னொன்றை அதன் விளிம்பில் உருட்டிப் பாருங்கள். ஒரு முறைதான் சுழலும் என்று நினைப்பீர்கள், பாதித் தூரம் போகும்போதே ஒரு முழுச் சுழற்சி முடிந்திருக்கும்.

கொடுத்திருந்த ஐந்து ஆப்ஷன்களில் 4 இல்லவே இல்லை. இதைக் கண்டுபிடித்து, எழுதி அனுப்பியவர்கள் மூன்றே மாணவர்கள். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு சுமார் 3 லட்சம் பேரின் மதிப்பெண்ணை மறுபடி கணக்கிட வேண்டி வந்தது. தேர்வறைக்கு வெளியே நின்று கை தூக்கச் சொல்லியிருந்தால் 3 என்பதே ஏகமனதாக ஜெயித்திருக்கும். அதனால்தான் கை எண்ணாதீர்கள், காரணம் கேளுங்கள் என்கிறேன்.

படி 5: கோச்சிங் சென்டர் விடைக்குறிப்புகள்

தேர்வு முடிந்த சில மணி நேரத்திலேயே இவை வந்துவிடும். ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து அவசரமாகத் தீர்ப்பவை, பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் யார் முதலில் வெளியிடுவது என்கிற போட்டியில் பிழைகளும் நிறைய நுழையும். முதல் நாள் போட்டதை மறுநாள் சத்தமில்லாமல் திருத்துவார்கள். எனவே அன்றைய ராத்திரியே பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத இரண்டு மூன்றை எடுத்து, உங்கள் வினாத்தாளின் குறியீட்டுக்கு உரியதுதானா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அவை எல்லாம் ஒத்துப்போகிற கேள்விகளை முடிந்ததாக வையுங்கள். முரண்படுகிற கேள்விகளைத் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் ரொம்ப முக்கியம், கடைசிப் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

முரண்படுகிற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது பாடப்புத்தகம். நீட்டுக்கும் ஜேஇஇக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தை, அதாவது மத்திய அரசு நிறுவனம் வெளியிடுகிற பாடப்புத்தகத்தை, திறந்து, அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பக்க எண்ணையும் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் குறித்துவையுங்கள்.

படி 6: மதிப்பெண்ணை ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள்

நீட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். 180 கேள்வி, 720 மதிப்பெண், சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1. ஒரு மாணவி 168 கேள்விகளுக்கு விடையளித்திருக்கிறார், 12ஐ விட்டுவிட்டார். ஒப்பிட்டுப் பார்த்ததில் நிச்சயமாகச் சரி 118, நிச்சயமாகத் தவறு 22. மீதி 28 கேள்விகள் தெளிவாகவில்லை, சிலவற்றில் என்ன போட்டார் என்று நினைவில்லை, சிலவற்றில் விடைக்குறிப்புகளே முரண்படுகின்றன.

அந்த 28உம் தவறு என்று வைத்தால்: 118 பெருக்கல் 4, அதாவது 472, அதில் 50ஐக் கழித்தால் 422. 28உம் சரி என்று வைத்தால்: 146 பெருக்கல் 4, அதாவது 584, 22ஐக் கழித்தால் 562. பாதி பாதி என்றால் 492. ஆக அவர் வீட்டில் சொல்ல வேண்டியது "422லிருந்து 562க்குள்ள, அநேகமா 490 பக்கம்" என்பதுதான். 140 மதிப்பெண் இடைவெளி பெரிதாகத் தெரியலாம். காரணம் சுலபம்: தெளிவில்லாத ஒவ்வொரு கேள்வியும் 5 மதிப்பெண்ணை ஆட்டும், கிடைக்க வேண்டிய 4 போவதோடு இருக்கிற 1உம் போகும் என்பதால். 28 பெருக்கல் 5 எவ்வளவு என்று பாருங்கள், அதே 140தான்.

நிறையப் பேர் செய்வது, தெளிவில்லாத 28ஐயும் தங்களுக்குச் சாதகமாகவே எண்ணி 562 என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவது. ரிசல்ட்டில் 490 வந்தால் அது நல்ல மதிப்பெண்ணாகவே இருந்தாலும் இடி விழுந்த மாதிரி இருக்கும், "மார்க்கைக் குறைச்சிட்டாங்க" என்ற சந்தேகமும் வரும். இன்னொரு கூட்டம் எல்லாவற்றையும் தவறாகவே எண்ணி 422 என்று முடிவு செய்து, கவுன்சிலிங் வேலைகளைப் பார்க்காமலேயே இருந்துவிடும். இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை. ஆகவே கீழ் எல்லை, மேல் எல்லை, நடு என்று மூன்று எண்களையும் எழுதுங்கள், படிப்படியாக விடைகள் தெளிவாகிற போது இடைவெளியைக் குறுக்குங்கள்.

ஜேஇஇ மெயினில் இந்த எண் வந்த பிறகும் வேலை முடியாது. 75 கேள்வி, 300 மதிப்பெண் என்றாலும் கடைசியில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது பெர்சன்டைல். உங்கள் ஷிப்டில் எழுதியவர்களில் உங்கள் அளவோ அதற்குக் குறைவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அது, ஏழு தசம இடம் வரை கணக்கிடுவார்கள். கடினமான ஷிப்டில் 160 எடுத்தவர், சுலபமான ஷிப்டில் 175 எடுத்தவரைவிட மேலே போக முடியும். அதனால் வேறு ஷிப்ட் நண்பரின் மதிப்பெண்ணோடு உங்களுடையதை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. "இவ்வளவு மார்க்குக்கு இவ்வளவு பெர்சன்டைல்" என்று அன்றிரவே வருகிற பட்டியல்களும் கணிப்புதான், ஷிப்டில் எல்லாரும் என்ன எடுத்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது. இரண்டு முறை எழுதினால் இரண்டில் எது மேலோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், முதல் முறை சரியாக வரவில்லை என்றால் கதை அதோடு முடியவில்லை.

படி 7: வீட்டிலும் நண்பர்களிடமும்

வீட்டில் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். "இன்னும் அஃபிஷியல் கீ வரல, உத்தேசமா இதுக்கும் இதுக்கும் நடுவுல" என்று ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு எண் சொன்னால் அத்தையிடம் சொன்னது மாமாவுக்குப் போய், பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். இதைப் படிக்கிற பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தேர்வு நாளன்று "சாப்பிட்டியா" என்பதைத் தவிர வேறு கேள்வி வேண்டாம்.

உங்களோடு ஒப்பிட்ட நண்பருக்கு நிறைய தப்பாகப் போயிருந்தால், அவரிடம் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம். ஓர் உத்தேசக் கணக்கை வைத்து இன்னொரு வருடம் எழுதுவதா, படிப்பையே மாற்றுவதா என்ற முடிவையெல்லாம் அன்றிரவு எடுக்கவே கூடாது. ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற தொனியில் பேச ஆரம்பித்தால் அதை லேசாக விடாதீர்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு.

படி 8: அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பு வரும் நாள்

நீட், ஜேஇஇ மெயின் இரண்டையும் நடத்துகிற தேசியத் தேர்வு முகமை முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். நீட்டுக்கு உங்கள் ஓஎம்ஆர் தாளின் படமும், இயந்திரம் அதில் எதை வாசித்தது என்பதும் கூடவே வரும். ஜேஇஇக்கு, கணினியில் நீங்கள் எந்தக் கேள்விக்கு எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று காட்டுகிற ரெஸ்பான்ஸ் ஷீட். இனி நினைவை நம்ப வேண்டியதில்லை. முதல் வேலையாக அன்று எழுதிவைத்த "உ" விடைகளை இதோடு ஒத்துப் பாருங்கள். உறுதியாக ஷேட் செய்தது பதிவில் வேறாகவோ காலியாகவோ இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் வட்டம் சரியாக நிரம்பியிருந்து இயந்திரம் தவறாக வாசித்திருந்தால் அதற்குத் தனியாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். முதல் நாளே தனியாக எழுதி வைக்காதவருக்கு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஜேஇஇ ரெஸ்பான்ஸ் ஷீட்டை வாசிக்கும்போது நிதானம் வேண்டும். தேர்ந்தெடுத்த ஆப்ஷன் 2 என்று அதில் இருக்கும், ஆனால் விடைக்குறிப்பில் 2 என்று இருக்காது, நீளமான ஓர் அடையாள எண் இருக்கும். கேள்வியின் அடையாள எண்ணை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடித்து, உங்கள் ஆப்ஷன் 2க்கு உரிய அடையாள எண் எது என்று பார்த்து, அதைத்தான் விடைக்குறிப்பில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். கடைசி ஓரிரு இலக்கங்கள்தான் மாறும் என்பதால் கண் சறுக்கும், ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்ப்பது நல்லது.

இப்போது படி 5இல் தனியாக எழுதிய தாளை எடுங்கள். விடைக்குறிப்பு தப்பு என்று பாடப்புத்தக ஆதாரத்தோடு தோன்றுகிற கேள்விகளுக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவியுங்கள். சமீப ஆண்டுகளில் ஒரு கேள்விக்கு ரூ.200, திரும்பக் கிடைக்காது. நண்பர்கள் மூன்று பேருக்கும் ஒரே கேள்வியில் ஆட்சேபம் என்றால் ஒருவர் அனுப்பினால் போதும்: ஒரு ஆட்சேபம் ஏற்கப்பட்டால் திருத்திய விடை எல்லாருக்கும் பொருந்தும். பணத்தைப் பங்குபோட்டு, ஆளுக்கு ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதியவர்கள் ஆங்கிலக் கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள், மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி.

ஆதாரம் என்றால் எந்தப் பதிப்பு என்பதுவரை பார்க்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நீட்டில் அணுக்கள் பற்றிய ஓர் இயற்பியல் கேள்வி. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற பொருளில் ஒரு கூற்று. பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில் அப்படியே இருந்தது, புதிய பதிப்பில் "பெரும்பாலான தனிமங்களின்" என்று திருத்தியிருந்தார்கள். பழைய புத்தகத்தில் படித்தவர்களையும் கருதி இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, நீதிமன்றம் சொல்லி ஐஐடி தில்லி மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, ஒரே ஒரு விடைதான் சரி என்று 2024 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு திருத்திய பட்டியலில் 720க்கு 720 எடுத்தவர்கள் 61இலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். தென்கொரியாவில் 2021இல் நடந்த சுனூங் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வின் உயிரியல் இரண்டாம் தாளில், கணக்கிட்டால் ஓர் உயிரினத் தொகையின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் கீழே போகிற மாதிரி ஒரு கேள்வி வந்தது. நடத்திய நிறுவனம் ஆட்சேபத்தை ஏற்கவில்லை, மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள், டிசம்பரில் அந்த விடை ரத்தாகி அந்தத் தாள் எழுதிய எல்லாருக்கும் மதிப்பெண் கிடைத்தது.

இறுதி விடைக்குறிப்பு வந்ததும் முரண்பட்ட கேள்விகளை மட்டும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். நீட்டில் ஒரு கேள்வியையே நீக்கிவிட்டால் தேர்வு எழுதிய எல்லாருக்கும் 4 மதிப்பெண், அதற்கு விடையளிக்காதவர்களுக்கும் சேர்த்து. இரண்டு விடை சரி என்றால் இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் 4. இதையும் சேர்த்து உங்கள் மதிப்பெண்ணை இறுதியாக ஒருமுறை கணக்கிட்டு வையுங்கள், ரிசல்ட்டில் வருவது அதோடு ஒத்துப்போக வேண்டும். ஓஎம்ஆர் படம், ரெஸ்பான்ஸ் ஷீட், இரண்டு விடைக்குறிப்புகள் எல்லாவற்றையும் இணையதளத்திலிருந்து அப்போதே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். வினாத்தாளையும் கையால் எழுதிய அந்தத் தாளையும் கவுன்சிலிங் முடிந்து கல்லூரியில் சேரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.